கடைசி நாலு ஆள் வரவில்லை

என் தங்கையின் மாமனார் எதிரில் யாரும் "பாத்ரூம்" என்றுகூடச் சொன்னதில்லை. அந்த வீட்டில் அவசரம் வந்தால், "கொல்லப் பக்கம் மாட்டப் பாத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போக வேண்டும். மாடு கட்டியிருப்பது வாசல் பக்கம். அது எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்க மாட்டார்கள். பெண் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்த அன்றும் அவர் அப்படியே சொல்லிவிட்டு எழுந்தார். எங்கள் வீட்டில் மாடே கிடையாது. என் அப்பா ஒரு நொடி திகைத்துவிட்டு, "நல்லா பாத்துட்டு வாங்க சம்மந்தி" என்றார்.

அப்படிப்பட்டவரின் முதல் பேரனுக்கு வந்தது, மலம் கழிக்க முடியாத வியாதி.

பையன் சித்தூரில் ஒரு நர்சிங் ஹோமில் பிறந்தான். நல்ல எடை, தெருவைக் கூட்டுகிற குரல். பிறந்த குழந்தை முதல் நாளே தார் மாதிரி கறுப்பாகக் கழிக்கும். இவன் முதல் நாளும் கழிக்கவில்லை, இரண்டாம் நாளும் கழிக்கவில்லை. குடிபாலா பக்கத்துத் தன் மாமியார் வீட்டிலிருந்து தங்கை எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, இன்னும் ஒண்ணும் ஆவல."

"இன்னாடி ஆவல?"

"அதான்கா... ஒண்ணும்."

பின்னால் மாமனார் செருமுவது கேட்டது. பேர் வைப்பதைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, "அவசரமில்ல, பொறுமையா நல்ல நாள் பாத்துப் பண்ணுங்க" என்றேன். இப்படியாக இரண்டு நாள் வீணானது.

பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தி வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து வைத்தாளாம். பையன் பீச்சியடித்ததில் சுவரில் இருந்த காலண்டருக்கே சேதம். வீட்டில் கொண்டாட்டம். தங்கை மாமனார் தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். எதற்கு என்று கேட்டவர்களிடம் "பேரன் பொறந்ததுக்கு" என்றார். பேரன் பிறந்ததற்குத்தான் ஏற்கெனவே ஜிலேபி கொடுத்தாயிற்றே என்று தெரு கேட்கவில்லை, வாங்கித் தின்றது. காம்பு வைத்தால் போகிறான், வைக்காவிட்டால் இல்லை. பையனுக்குச் சோம்பல் என்று முடிவு செய்தார்கள். பத்தாம் நாள் வயிறு மத்தளமாகி, பச்சையாக வாந்தியெடுத்தபோதுதான் தங்கை வெட்கத்தை விட்டு முழு விஷயத்தையும் சொன்னாள். நான் கத்திய கத்தலில், கார் வைத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பதிக்கு வந்துவிட்டார்கள். கையில் ஒரு கட்டு வெற்றிலையும் இருந்தது.

நான் திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் லேபில் டெக்னீசியன். உடம்பிலிருந்து வெட்டி அனுப்புகிற சதைத் துண்டை வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் போட்டு, கண்ணாடிச் சில்லில் ஒட்டிக் கொடுப்பது என் வேலை. மைக்ராஸ்கோப்பில் பார்த்து என்னவென்று சொல்வது லேப் டாக்டரம்மா. ஆனால் வடமாலபேட்டைப் பக்கத்து எங்கள் ஊரில் இந்த வித்தியாசம் செல்லாது. சென்னை ரோட்டை அகலப்படுத்தியபோது ஜல்லிச் சட்டி தூக்கிய குடும்பம் எங்களுடையது. அதில் ஒருத்தி வெள்ளைக் கோட்டு மாட்டினால் அவள் டாக்டர்தான். பஸ் ஸ்டாண்டில் என்னிடம் நாக்கை நீட்டிக் காட்டியவர்கள் உண்டு. நான் டாக்டர் இல்லை என்று மறுத்தும் பார்த்தேன். "எம்மாம் அடக்கம் பாரு" என்றார்கள். சரி என்று விட்டுவிட்டேன். அந்தப் பட்டம் எனக்கும் கொஞ்சம் பிடித்திருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். பின்னால் வந்த வம்புக்கு அதுவும் ஒரு காரணம்.

பையனின் ஆசனவாய்க்கு உள்ளேயிருந்து ஒரு பொட்டுச் சதை எடுத்து அனுப்பினார்கள். நான்தான் சீவினேன். டாக்டரம்மா ஒரு சில்லைப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார், திரும்ப முதல் சில்லுக்கே வந்தார். அவர் தேடியது நரம்புச் செல்களை. இருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். இல்லை என்று சொல்லத்தான் நேரம் எடுத்துக்கொள்வார். அன்று மத்தியானம் வரை எடுத்துக்கொண்டார்.

குழந்தைகளுக்கு ஆப்பரேஷன் செய்கிற டாக்டர் பல வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பியவர். தெலுங்கும் இங்கிலீசும் பேசுவார், தமிழ் புரியும், வராது. எங்கள் குடும்பத்தை உட்காரவைத்து மருந்துச் சீட்டின் பின்புறம் குடலை வரைந்தார். பிறகு என்னைப் பார்த்து, "நுவ்வே செப்பம்மா" என்றார். நீயே சொல் என்று தள்ளிவிட்டுப் பேனாவை மூடிக்கொண்டார்.

தங்கையின் மாமனார் இரும்பு நாற்காலியில் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் கூலி வேலை, பிறகு ரோடு வேலையில் மேஸ்திரி, மகன் குவைத்துக்குப் போன பிறகு ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பு என்று படிப்படியாக வந்தவர். வெள்ளைச் சட்டையின் மேல் பொத்தானைக்கூடக் கழற்றாத மனிதர். அவரிடம் ஆசனவாயை எப்படி விளக்குவது? எனக்கு வேர்த்தது. அப்போது ஜல்லிச் சட்டி ஞாபகம் வந்தது.

"மாமா, ரோடு வேலையில சட்டி மாத்துவோம் இல்ல? ஆளுங்க வரிசையா நின்னுகினு, ஒருத்தர் கையிலேர்ந்து ஒருத்தர் கைக்கு? கொடலும் அப்பிடித்தான். உள்ள பூரா நரம்பு ஆளுங்க நின்னுகினு, துன்னத அடுத்த ஆளு கைக்குத் தள்ளிவிட்டுக்கினே இருப்பாங்க. இவனுக்குக் கடைசியில நிக்கவேண்டிய ஆளுங்க வேலைக்கே வரல. தாயி வயித்துல இருக்கும்போதே வரல. மேல கீறவங்க தள்ளறாங்க. வாங்கறதுக்குக் கீழ ஆளு இல்ல."

அவர் முகம் மாறியது. முதல் தடவையாக இந்த வியாதி அவருக்குத் தெரிந்த விஷயமாகிவிட்டது.

"எத்தினி ஆளு வரல?"

"அதான் மாமா தெரியல. நாலு ஆளா, பத்து ஆளா, ஆப்பரேஷன்லதான் தெரியும்."

"மேல கீறவங்க நல்ல ஆளுங்களா?"

"நல்ல ஆளுங்க."

"வராதவனுக்குப் பதில் ஆளு போட முடியாதா?"

இதை நான் டாக்டருக்குத் தெலுங்கில் சொன்னேன். டாக்டர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். வெளிநாட்டில் பெரிய பெரிய ஆட்கள் அதைத்தான் முயன்றுகொண்டிருக்கிறார்கள், வேறு இடத்திலிருந்து செல் கொண்டுவந்து வைத்துப் பார்க்கிறார்கள், இன்னும் கைகூடவில்லை என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

"அங்கயும் ஆளு கெடைக்கலையா" என்று மாமனார் பெருமூச்சு விட்டார். "எல்லாம் குவைத் போயிடுச்சி."

விஷயம் இதுதான். ஆள் இல்லாத கடைசித் துண்டை வெட்டியெடுத்துவிட்டு, ஆள் இருக்கிற குடலைக் கீழே இழுத்துத் தைக்க வேண்டும். நாலு ஆள்தான் வரவில்லை என்றால் ஒரே ஆப்பரேஷனில், கீழ்வழியாகவே முடிந்துவிடும். பத்து ஆள் என்றால் வயிற்றில் ஓட்டை போட்டுப் பை கட்டி, மாதக்கணக்கில் வைத்திருந்து, இன்னும் இரண்டு ஆப்பரேஷன் செய்ய வேண்டும். ஆள் இல்லாத இடத்தை இருக்கிறது என்று தப்பாக நினைத்துத் தைத்துவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. "நாலா, பத்தா?" குவைத்திலிருந்து பையனின் அப்பா, தான் வேலை செய்கிற மொட்டை மாடியில் ஏசி மெஷின்களுக்கு நடுவே நின்றுகொண்டு தினம் வீடியோவில் கேட்ட கேள்வி இதுதான்.

பையன் எடை ஏறட்டும் என்று ஒன்றரை மாதம், தினமும் உப்புத்தண்ணீர் விட்டு அவன் குடலைக் கழுவினோம். அந்த வேலை ஆரம்பிக்கும்போதெல்லாம் மாமனார் மாட்டைப் பார்க்கப் போய்விடுவார். ஐந்தாவது மாடியில்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் ஒரு மெஷினைச் சில மாதத்துக்கு இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். பழைய முறையில், குடலில் அங்கங்கே துளித் துண்டு எடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். நான் உறைய வைத்துச் சீவி, டாக்டரம்மா பார்த்துச் சொல்லும்வரை அரை மணி நேரம் குழந்தை மயக்கத்தில் காத்துக் கிடக்கும். இந்த மெஷினுக்குப் பேனா அளவு முனை. குடல்மேல் தொட்டால் உள்ளே இருக்கிற நரம்பு உயிரோடு டிவியில் தெரியும். புதுசு என்பதால் சோதனைக்கு மட்டும். முடிவு சொல்வது பழைய முறைதான், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். மெஷின் வந்த அன்று நர்சுகள் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். டாக்டர் ஓடிவந்து பேனா முனையை மட்டும் கெஞ்சிக் கூத்தாடிக் காப்பாற்றினார். டிவியின் நெற்றியில் வைத்த பொட்டு கடைசிவரை போகவில்லை.

சோதனை என்றால் சம்மதப் பத்திரம் வேண்டும். அது இங்கிலீசிலும் தெலுங்கிலும் இருந்தது. தங்கை தெலுங்கு மீடியத்தில் பத்தாவது வரை படித்தவள், அவளே வாசித்திருக்கலாம். டாக்டர் அக்கா இருக்கும்போது எதற்கு வாசிக்க வேண்டும்? தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்த போனில் குவைத், எதிரே மாமனார், மடியில் பையனோடு தங்கை. நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி. நரம்பு தெரிவதற்காக ஊசியில் ஒரு சாயம் போடுவார்கள், அதனால் சில மணி நேரம் தோல் மஞ்சளாகத் தெரியலாம், ஓரிரு நாள் மூத்திரம் பளிச்சென்று மஞ்சளாகப் போகும்.

நான் நிமிர்ந்தேன். மாமனார் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சட்டைப் பொத்தானைப் பார்த்தேன். சம்மந்தி வீட்டு ஆம்பளை முன்னால் பெண் வீட்டுக்காரி ஒருத்தி அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது? லேபில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிற வார்த்தைதான். நாக்கு எழும்பவில்லை.

"அப்புறம் சின்னச் சின்ன விஷயம் மாமா. அதெல்லாம் தானா சரியாயிடும்" என்று பக்கத்தைத் திருப்பினேன்.

தங்கை கையெழுத்துப் போட்டாள். மாமனாரும் போட விரும்பியதால், சாட்சி என்று இருந்த இடத்தில் போடச் சொன்னார்கள். தெலுங்கில் போட்டார். எங்கள் பக்கம் பேச்சு தமிழ், கையெழுத்து தெலுங்கு. அந்த நாலெழுத்துக்கு மேல் அவருக்குத் தெலுங்கு வாசிக்க வராது.

ஆப்பரேஷன் அன்று, "உன் வீட்டுக் குழந்தை, நீ வரவேண்டாம்" என்றுதான் டாக்டரம்மா சொன்னார். ஆனால் இன்னொரு டெக்னீசியன் தன் மகனுக்கு மொட்டை போட மலைக்குப் போயிருந்தார். திருப்பதியில் லீவு கேட்க இதைவிட வலுவான காரணம் கிடையாது, எந்த அதிகாரியும் மறுக்க முடியாது. ஆக, எந்தத் துண்டு எந்தப் படம் என்று எழுதிக்கொள்ள நான்தான் உள்ளே நின்றேன். பச்சைத் துணிகளுக்கு நடுவில் பையன் எங்கே இருக்கிறான் என்றே தெரியவில்லை. நல்லவேளை. நான் பொட்டு வைத்த டிவியையே பார்த்தேன்.

பேனா முதல் இடத்தைத் தொட்டது. கறுப்பில் வெளிச்சக் கோடுகள் தெரிந்தன. தடித் தடியாக நரம்புக் கயிறுகள் மட்டும் ஓடின. நல்ல குடல் என்றால் கொசுவலை மாதிரி பின்னி, முடிச்சு முடிச்சாக இருக்க வேண்டும். அந்த முடிச்சுகளில்தான் ஆட்கள் இருப்பார்கள். இங்கே கயிறு இருந்தது, முடிச்சு இல்லை. டாக்டர் இரண்டு விரற்கடை மேலே போனார். முடிச்சு இல்லை. இன்னும் மேலே போனார். என் மனசில் நாலு போய்விட்டது, ஐந்து, ஆறு என்று பத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பையனின் வயிற்றில் பை கட்டிப் பார்த்துவிட்டேன், குவைத்துக்கு என்ன பதில் சொல்வது என்றும் யோசித்துவிட்டேன். அப்போது திரையின் மூலையிலிருந்து ஒரு வலை மெல்ல உள்ளே வந்தது. அதில் ஒரு முடிச்சு. முடிச்சுக்குள் ஏழெட்டுச் செல்கள், ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருப்பது போல நெருக்கியடித்துக்கொண்டு.

உடனே படம் கலங்கிப்போனது. "இது வேற! கொடல் நகருது, படம் நிக்க மாட்டேங்குது" என்று டாக்டர் தெலுங்கில் திட்டினார். குடல் நகர்கிறது! ஒன்றரை மாதமாக இரண்டு குடும்பம் அதற்குத்தானே தவம் கிடந்தோம்? பதினோரு வருட வேலையில் நான் பார்த்ததெல்லாம் செத்து, உறைந்து, சாயம் ஏறிய செல்கள். வேலை செய்துகொண்டிருக்கும்போதே ஒருத்தரைப் பார்த்தது அன்றுதான். மாஸ்க்குக்குள் அழுதேன். மாஸ்க் இருந்தால் அழுவதற்கு ஒரு சௌகரியம், மூக்கு ஒழுகுவது யாருக்கும் தெரியாது.

அந்த இடத்துத் துண்டை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்கு ஓடி, உறைய வைத்துச் சீவினேன். அவசரத்தில் முதல் சீவல் பாழ். இரண்டாவது ஒழுங்காக வந்தது. டாக்டரம்மா குனிந்தார். ஐந்து நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "உன்னாயி" என்றார். இருக்கின்றன. பயத்தில் நான்தான் கூட்டி எண்ணிவிட்டேன்; குறைந்த நீளம்தான், நாலு ஆள், பை வேண்டாம்.

வெளியே வந்து, வராந்தாவின் கோடியில் நின்ற மாமனாருக்கு நாலு விரலைத் தூக்கிக் காட்டினேன். அவர் கையெடுத்து மலைப் பக்கம் பார்த்துக் கும்பிட்டார். நான் வீட்டுக்குப் போய் அடித்துப் போட்டாற்போலத் தூங்கினேன்.

மறுநாள் லேபில் வேலை குவிந்திருந்தது. மத்தியானச் சாப்பாட்டு வேளையில்தான் வார்டுக்குப் போனேன். தங்கை ஓரமாக உட்கார்ந்து இட்லியை வெறுமனே பிட்டுப் பிட்டு விழுங்கிக்கொண்டிருந்தாள். சட்னி இல்லை, கண்ணில் தண்ணீர்.

"இன்னாடி இது, தொட்டுக்க ஒண்ணும் இல்லாம?"

"உப்பு சேக்கக் கூடாதாம். எண்ணெ கூடாதாம். மாமா பத்தியம் சொல்லிட்டுப் போய்க்கீறாரு."

"எதுக்குப் பத்தியம்?"

"புள்ளைக்குக் காமாலையாமே. கண்ணாடி வழியா பாத்தாராம், நேத்து சாயந்தரம் மூஞ்சியெல்லாம் மஞ்சளா இருந்துச்சாம். காலையில அந்தப் பையி பாரு, எப்பிடிக் கீதுன்னு. நீ ஏங்கா எங்கிட்ட சொல்லவே இல்ல?"

கட்டிலின் ஓரத்தில் மூத்திரப் பை தொங்கிக்கொண்டிருந்தது. பளபளவென்று, சாமந்திப்பூ மஞ்சளில். 

"மாமா எங்க?"

"காலையிலயே பஸ் புடிச்சி ஊருக்குப் போய்ட்டாரு. காமாலைக்கு மருந்து குடுப்பாரே, அவருகிட்ட."

எங்கள் பக்கத்தில் மஞ்சளாக எதைப் பார்த்தாலும் காமாலைதான், காமாலை என்றால் கீழாநெல்லிதான். அரைத்து உருட்டி, ஆட்டுப்பாலில் கரைத்து, வெறும் வயிற்றில். எந்த டாக்டரும் அதற்கு நடுவில் வர முடியாது. பையனுக்கோ குடலைத் தைத்து ஒரு நாள்தான் ஆகியிருக்கிறது. டாக்டர் சொல்லும்வரை தாய்ப்பால்கூட ஒரு சொட்டு கூடாது. ஆட்டுப்பால் உள்ளே போய் வயிறு உப்பினால், தையல் என்ன ஆகும்? ஆள் வராத துண்டை வெட்டியெடுத்து, நல்ல ஆட்களை இழுத்துவந்து நிறுத்தியதெல்லாம் என்ன ஆகும்?

போன் செய்தேன். எடுக்கவில்லை. பதினேழு தடவை செய்தேன். "எடுக்க மாட்டாருக்கா" என்றாள் தங்கை. "மருந்து வாங்கினா அது வயித்துக்குள்ள போறவரைக்கும் யாருகிட்டயும் பேசக் கூடாதாம். பேசினா பலிக்காதாம்." நர்சிடம் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண் சித்தூர்க்காரி. "அவரா? எங்க அண்ணனுக்கும் அவருதான் குடுத்தாரு, நல்லா கேக்கும்" என்றாள். அவளை முறைத்துவிட்டு, "காமாலை இல்லடி, எதுவும் குடுக்க வுடாத" என்று தங்கையிடம் சொன்னேன்; "மாமா நீட்டினா நான் எப்பிடிக்கா தடுப்பேன்?" என்றாள், அதனால் லிப்ட் வாசலில் நானே காவலுக்கு நின்றேன்.

மூன்று மணிக்குப் பார்வையாளர்களை விட ஆரம்பித்தார்கள். லிப்ட் திறந்தது, மூடியது, திறந்தது. அவர் வரவில்லை. அவருக்கு லிப்டில் நம்பிக்கை இல்லை என்பது கால் மணி கழித்துத்தான் எனக்கு உறைத்தது. ஐந்து மாடியும் படியேறிப் பின்பக்கமாக வந்துவிட்டிருந்தார். நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

வார்டு வாசலில் நின்று பார்க்கிறேன். நர்ஸ் எங்கேயோ போயிருக்கிறாள். தங்கை பையனின் தலையைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். மாமனார் தூக்குவாளியிலிருந்து பாலாடைச் சங்கில் ஊற்றிய கீழாநெல்லிப் பாலை அவன் உதட்டுக்குக் கொண்டுபோகிறார். பையன் வாயைத் திறந்துவிட்டான். ஒரு நாள் பட்டினி கிடந்தவன் திறக்காமல் என்ன செய்வான்?

"மாமா, ஊத்தாதீங்க! அது காமாலை இல்ல! மூத்திரத்துல சாயம்!"

வார்டில் இருபது கட்டில். இருபது கட்டிலும் திரும்பியது. பாலாடை அந்தரத்தில் நின்றது. நான் மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். ஊசியில் சாயம் போட்டார்கள், சாயம் மூத்திரத்தில்தான் வெளியேறும், அதனால் மூத்திரம் மஞ்சள், நாளைக்கு மூத்திரம் வெளுத்துவிடும், இது பத்திரத்திலேயே எழுதியிருந்தது, மூத்திரம் என்று வந்ததால் உங்கள் முன்னால் சொல்லக் கூச்சப்பட்டு நான்தான் விட்டுவிட்டேன், தப்பு என்னுடையது. ஒரே மூச்சில் அந்த வார்த்தையை ஏழு தடவை சொன்னேனாம். தங்கை எண்ணியிருக்கிறாள்.

மாமனார் பதில் பேசவில்லை. பேசக் கூடாதே! மூத்திரப் பையைக் காட்டினார். ஊசி போட்ட கையைக் காட்டினார். என்னைப் பார்த்து, நிஜமா என்று கையை விரித்தார். நான் தலையாட்டினேன். தங்கை பையனின் தலையை மெல்லக் கீழே வைத்தாள். அவன் ஏமாற்றத்தில் வீறிட்டான். மாமனார் கையிலிருந்த பாலாடையைப் பார்த்தார். நேர்ந்துகொண்டு வாங்கிவந்த மருந்தைக் கீழே கொட்ட முடியாது. வயிற்றுக்குள் போகும்வரை பேசவும் முடியாது. யார் வயிறு என்பது நிபந்தனையில் இல்லை.  பாலாடையைக் கவிழ்த்துத் தன் வாயில் ஊற்றிக்கொண்டார். பிறகு தூக்குவாளியையும் அண்ணாந்து காலி செய்தார். முகத்தைச் சுளித்து, துண்டால் வாயைத் துடைத்த பிறகு, மருந்து வாங்கியதிலிருந்து பூட்டி வைத்திருந்த வாயைத் திறந்தார்.

"இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாம்மா?"

"உங்க எதிர்ல எப்பிடி மாமா..."

"காலையில பையியப் பாத்ததுமே உன்னக் கேக்கணும்னுதான் வந்தேன்" என்றார் மெதுவாக. "லேபு வாசல் வரிக்கும் வந்துட்டேன். பொம்பள புள்ளகிட்ட அத எப்பிடிக் கேக்கறதுன்னு திரும்பிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. கூச்சப்பட்ட இரண்டு பெரிய மனிதர்கள் சேர்ந்து ஒரு பச்சைக் குழந்தையைக் கொன்றிருப்போம். அவருக்கும் அது தெரிந்துதான் இருந்தது. வெற்றுத் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, பையனின் பாதத்தை ஒரு விரலால் தொட்டார். பிறகு சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

"இவன் கொடலையே தொறந்து டிவியில பாத்துட்டோம். இனிமே எதுக்கு அந்த மாடு?"

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. மறுநாள் மூத்திரம் வெளுத்ததும் குவைத்துக்கு அவரே போன் செய்து சொன்னார். மூன்றாம் நாள் தாய்ப்பால் கொடுக்கலாம் என்றார்கள். அன்றிலிருந்து பக்கத்துக் கட்டில்காரர்களிடம் எத்தனை தடவை, என்ன பதம் என்று குறுக்கு விசாரணை செய்தார். காலையில் டாக்டர் வந்தால் என் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்காமல், "காத்து பிரிஞ்சிச்சி சார், ரெண்டு வாட்டி, சத்தமா" என்று நேரடியாகவே சொன்னார். டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார். ஆனால் வரவேண்டியது மட்டும் வரவில்லை. புதிதாக நிறுத்திய ஆட்கள் வேலையை ஆரம்பிக்கிறார்களா இல்லையா என்பது அது வந்தால்தான் தெரியும். நாலாம் நாள் குவைத்திலிருந்து மூன்று தடவை போன் வந்தது. மூன்று தடவையும் நாங்கள் "இன்னும் இல்ல" என்றோம். மூன்றாவது தடவை அந்தப் பக்கத்தில் ஏசி மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஐந்தாம் நாள் முற்பகல். நான் லேபில் யாருடைய சதையையோ மெஷினில் வைத்துச் சீவ ஆரம்பித்திருந்தேன். போன் அடித்தது. மாமனார்.

"ம்மா, துன்னியா?"

"இல்ல மாமா, இன்னும் நேரம் ஆவல. சொல்லுங்க."

 மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. சீவுவதை நிறுத்தினேன்.

"பேண்டுட்டான்" என்றார்.

"மாமா?"

"பேண்டுட்டாம்மா. காம்பு வைக்கல, தண்ணி வுடல. நான் மடியில வெச்சினு இருக்கறேன், அவனா முக்கினான், அவனா..." குரல் உடைந்துபோனது. அந்த மனிதர் அழுது நான் கேட்டதே இல்லை.

 பழக்க தோஷத்தில், லேபில் கேட்பது போல, "இன்னா கலர் மாமா?" என்று கேட்டேன்.

"மஞ்சா." கொஞ்சம் தயங்கினார். "நல்ல மஞ்சாதாம்மா. இதுக்கு மருந்து வேணாம் இல்ல?"

"வேணாம் மாமா" என்றேன். அதற்குள் அவர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டிருந்தார், ஆனால் அணைக்க மறந்துவிட்டார். பெஞ்சில் தலையைக் கவிழ்த்து, போனைக் காதோடு வைத்துக்கொண்டேன். செருப்புச் சத்தம் தேய்ந்து தேய்ந்து வார்டு முழுக்க நடந்தது. முன்பின் தெரியாதவர்களிடம் கட்டில் கட்டிலாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். "பேண்டுட்டாங்க. எம் பேரன் பேண்டுட்டாங்க."